சக்கரச் சங்கிலி

நவம்பரிலிருந்து பேசுகிறோம்.
இன்று ஜனவரி பத்து.
வெள்ளி இரவா, சனி விடியலா
என்கிற இடத்திலேயே நிற்கிறது வண்டி.

குத்தாயிசியில் பனி இல்லை,
மழைதான்,
சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி.
மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கல்லாவுக்குப் பின்னால் நாலு பேர், ஒரு ஹீட்டர்.
இருமல் மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
உள்பக்கத்தில் பட்டியல் எழுதுகிறேன்.
என் கையெழுத்துதான் புரிகிறதாம்.
பதினெட்டு வருஷம்
டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவளுக்கு
கிடைத்த ஒரே பாராட்டு.

பத்தொன்பது, திருமுழுக்குத் திருநாள், திங்கட்கிழமை.
சனி, ஞாயிறு, திங்கள்:
விரல்விட்டு எண்ணிப் பார்த்து
ஒவ்வொரு முறையும் மூன்று வருகிறது,
ஒவ்வொரு முறையும் சிரிக்கிறோம்.

பகுரியானி வீட்டுக்காரி சொல்லும் வாடகை
போன வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு.
"பனியையும் அவள்தான் கொட்டுகிறாளா?" என்கிறான் மேரப்.
நெஸ்தானுக்குத் தனியறை வேண்டும்,
குறட்டை விடுபவர் பெயரைச் சொல்லமாட்டாளாம்,
வாஷாவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.
வாஷாவின் டெலிகா வேனில்
ஓட்டுபவன் காலுக்கு மட்டும் சூடு வரும்,
மற்றவர்கள் போர்வை.
ஒயின் பற்றி விவாதமே இல்லை.
மேரபின் அப்பா ஐந்து லிட்டர் கேனைக்
கழுவி வைத்துவிட்டார்.
பாலாடைக்கட்டி இரண்டு கிலோ. இல்லை, மூன்று.
வலிமாத்திரை என் பொறுப்பு.

சக்கரச் சங்கிலி ஒன்றுதான் இருக்கிறது.
இன்னொன்று எங்கே?
வாஷா கூரையைப் பார்க்கிறான்.

அப்போதுதான் தெயாவின் போன்.
திரையில் அவ்தாந்தில்,
பொஸ்னான் பக்கம் எங்கேயோ லாரி நிறுத்துமிடத்தில்,
முகத்தில் ஆரஞ்சு விளக்கு.
இங்கே ஒன்பது, அங்கே ஆறு.
இரண்டு குளிர்காலமாக அவன் அங்கே.
அதற்கு முன்னால் எல்லாத் திட்டமும் அவன்தான் போடுவான்,
குறை சொல்வது மட்டும் எங்கள் வேலை.

"வெள்ளி இரவு வேண்டாம்.
போர்ஜோமி தாண்டினால் வளைவெல்லாம் கண்ணாடி.
சனி காலை நாலு மணி, ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது.
சமையலறைச் சுவரை ஒட்டிய அறையை எடுங்கள்,
அடுப்பின் முதுகு அந்தப் பக்கம்.
வீட்டுக்காரியின் நாய்க்கு எலும்பு கொண்டுபோங்கள்,
விறகுக் கணக்கை மறந்துவிடுவாள்.
சங்கிலியா? பின் சீட்டுக்கு அடியில்,
மாவுச் சாக்கில் சுற்றி வைத்தேனே."

இரண்டு மாதம் இழுத்ததை
எட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டான்.
"வராதவனுக்குத்தான் வழி தெரிகிறது,"
மேரப் மெதுவாகத்தான் சொன்னான்.
போனுக்குக் கேட்டிருக்கும்.

வாஷா மழைக்குள் ஓடி
தொப்பலாய்த் திரும்பினான், சாக்கோடு.
உதறினால் சங்கிலி,
துருவும் கொஞ்சம் பழைய மாவும்,
கூடவே ஒரு கையுறை.
இடது கை. பெரிய அளவு.

தெயா அதை எடுத்தாள்,
உள்ளே கை விட்டுப் பார்த்தாள்,
ஹீட்டர் மேல் வைத்தாள்.
ஈரக் கம்பளி வாடையும் டீசல் வாடையும்
கடையில் இருந்த கற்பூரத் தைல வாடையை அமுக்கின.

"அடப்பாவி, அங்கேயா கிடந்தது!"
அவன் குனிந்து, டாஷ்போர்டில் துழாவி,
மற்றதைக் கேமராவுக்குக் காட்டினான்.
வலது கை.
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
"இதை வைத்துத்தான் கண்ணாடி துடைக்கிறேன்.
ஒற்றையை வேறு என்ன செய்ய?"

தெயா எதுவும் சொல்லவில்லை.
ஹீட்டர் மேல் இருந்ததைத்
திருப்பிப் போட்டாள், தோசை மாதிரி.

அவன் இடைவேளை முடிந்தது.
எஞ்சின் சத்தம், பிறகு திரை கறுப்பு.

படுக்கை என்ற இடத்தில்
ஏற்கனவே ஐந்து என்று எழுதியிருந்தேன்,
பழக்கம்.
அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன்,
மை வரவில்லை.
வந்திருந்தாலும் என்னவோ.

"சரி," என்றான் வாஷா தலையைத் துவட்டிக்கொண்டே,
"வெள்ளி இரவா, சனி விடியலா?"